முதிர்ந்த கொதிகலன்களும் கட்டாய ஆய்வின் செலவும்

முன்னுரை

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பொருளின் விலையைக் காட்டிலும் அதற்காகும் பக்கச் செலவு மிகுந்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்? ஒன்று, அப்பொருளே வேண்டாமென்று விட்டுவிடுவான். அல்லது, கூலியைக் கொடுக்காமல் தப்பிக்க வழி தேடுவான். சுண்டைக்காயைப் பொறுத்தவரை இவ்விரண்டாலும் பிறருக்குத் தீங்கில்லை. ஆனால் அந்தப் பொருள் ஒரு பழைய கொதிகலனாகவும், அந்தக் கூலி அதற்குச் சட்டம் விதிக்கும் ஆய்வுச் செலவாகவும் இருந்தால் நிலைமை வேறு. அப்போது தப்பிக்கப் பார்ப்பவர் ஒருவர். அதன் விளைவைச் சுமப்பவர் இன்னொருவர்.

கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிப் புறநகர் இரயிலில் செல்வோர் இராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு என்று ஊர்களைக் கடக்கும்போது சிறிதும் பெரிதுமாகப் பல புகைபோக்கிகளைக் காண்பர். அவற்றுள் பலவற்றின் அடியில் ஒரு கொதிகலன் இருக்கிறது. அனல்மின் நிலையத்தில் அது பல மாடி உயரம். சாயப்பட்டறையிலோ சலவை ஆலையிலோ அது ஓர் அறைக்குள் அடங்கிவிடும். அளவு எதுவாயினும், அதை ஆண்டுதோறும் நிறுத்தி, ஆறவைத்து, திறந்து காட்டிச் சான்றிதழ் பெறவேண்டும் என்பது சட்டம். இந்த ஆய்வுக்கு உண்மையில் என்ன செலவாகிறது, கொதிகலன் முதிர முதிர அச்செலவு ஏன் கூடுகிறது, அதை யார் ஏற்பது நியாயம் என்பவற்றைப் பொருளியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொதிகலன் எவ்வாறு முதிர்கிறது?

தொழிலாளர் பேச்சில் 'பாய்லர்' என்றே வழங்கும் கொதிகலன், அடிப்படையில் மூடிய ஒரு பாத்திரமே. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் அடைத்து வைத்தால் ஏறத்தாழ 184 பாகையில்தான் கொதிக்கும். இந்நிலையில் பாத்திரம் பிளந்துவிட்டால் அழுத்தம் திடீரென்று விழுகிறது. 100 பாகைக்கு மேல் நீராக இருக்க முடியாத அந்த நீரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, நொடிப்பொழுதில் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகும் என்பதை நாம் அறிவோம். கொதிகலனில் 1,000 கிலோ நீர் இருந்ததாகக் கொண்டால், நம் வகுப்பறை ஒன்றை நிரப்பக்கூடிய ஆவி கண்ணிமைக்கும் நேரத்தில் பிறக்கிறது. சுவர்களைத் தள்ளுவதும் கூரையைத் தூக்குவதும் அந்த ஆவிதான்.

பாத்திரம் ஏன் பிளக்கிறது? முதற்காரணம் படிவு. கடின நீரைக் காய்ச்சக் காய்ச்ச உப்புகள் குழாய்களின் உட்புறத்தில் ஓடுபோல் படிகின்றன. இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே குழாயின் உலோகம் நீரால் குளிர்விக்கப்படாமல் தானே சூடேறி, மென்மையாகிப் புடைக்கிறது. வடசென்னைப் பகுதிக்கு இது அந்நியமான செய்தியன்று. மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960-களின் பிற்பகுதியிலேயே கண்டறியப்பட்டது. உவர்நீரைச் சுத்திகரிக்காமல் கொதிகலனுக்குள் விடுவது, அதன் ஆயுளை நாம் நம் கையாலேயே குறைப்பதாகும்.

இரண்டாவது காரணம் அரிப்பு. நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் உட்புறத்தில் குழிகளை உண்டாக்குகிறது. கடற்காற்றின் உப்பு வெளிப்புறத்தைத் தின்கிறது. மூன்றாவது, களைப்பு. காலையில் சூடேற்றி மாலையில் ஆறவிடும் ஒவ்வொரு நாளும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் முறிவதுபோல, பற்றவைத்த இடங்களிலும் துளைகளின் ஓரங்களிலும் நுண்ணிய விரிசல் தொடங்குகிறது. நான்காவது, மின் நிலையங்களில் காணும் மெல்லிய நீட்சி. 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுங்காலம் அழுத்தத்தைத் தாங்கும் எஃகு, கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக நீண்டு தளர்கிறது.

இந்நான்கிற்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. இவற்றுள் எதுவும் வெளியே பூசிய வண்ணத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. கொதிகலன் நேற்றுவரை நன்றாக ஓடியது என்பது, இன்றைக்கும் ஓடும் என்பதற்குச் சான்றாகாது. ஆகவேதான் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் பிறந்த வரலாறு

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், மெம்பிசு நகருக்கு அருகே 'சுல்தானா' என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தன. 376 பேரை ஏற்றவேண்டிய அக்கப்பலில் உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நாள்களுக்கு முன்பு விக்சுபர்க் துறையில் ஒரு கொதிகலனில் கசிவும் புடைப்பும் கண்டறியப்பட்டிருந்தன. முறையாகப் பழுதுபார்க்கச் சில நாள்கள் கப்பலை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் பயணிகளும் அவர்களுக்காக அரசு தரும் கட்டணமும் வேறு கப்பலுக்குப் போய்விடும். ஆகவே மெல்லிய தகடு ஒன்றை ஒட்டுப்போட்டுக் கப்பலைக் கிளப்பிவிட்டனர். ஒட்டுப்போட்ட இடத்தில்தான் வெடிப்பு தொடங்கியதா என்பது ஆய்வாளர்க்குரிய வினா. நமக்குரிய பாடம் வேறு. அங்கே தடையாக நின்றது பழுதுபார்க்கும் கூலியன்று. நின்றுபோகும் நாள்களின் இழப்பே.

நம் நாட்டில் 1863-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிகழ்ந்த கொதிகலன் வெடிப்பு பல உயிர்களைக் கொண்டது. அதன் விளைவாக 1864-இல் வங்காளத்தில் கொதிகலன்களை ஆய்வு செய்வதற்கான சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் மாகாணந்தோறும் தனித்தனிச் சட்டங்கள் தோன்றின. ஒரு மாகாணத்தில் ஏற்கப்பட்ட கொதிகலன் இன்னொரு மாகாணத்தில் ஏற்கப்படாத குழப்பமும் கூடவே வந்தது. 1920-இல் இதனை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக எழுந்த 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம், 1924 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1950-இல் விரிவான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2007-இல் பெரிய திருத்தம் செய்யப்பட்டு, அரசு ஆய்வாளர்களுடன் தகுதி பெற்ற பிறரும் ஆய்வு செய்ய வழி திறந்தது. நூறாண்டு கடந்த அச்சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்துள்ளது. சான்றிதழின்றி இயக்கலாகாது என்னும் அடிப்படை மட்டும் மாறவில்லை.

ஆய்வின் செலவு என்பது எது?

ஆய்வுச் செலவு என்றவுடன் அரசுக்குச் செலுத்தும் கட்டணமே பலர் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது செலவின் மிகச் சிறிய பகுதி. ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

முதலில் நெருப்பை அணைக்கவேண்டும். அவசரப்பட்டுக் குளிர்விக்கக் கூடாது. திடீரெனக் குளிர்ந்தால் அதுவே விரிசலுக்குக் காரணமாகும். ஆறியபின் நீரை வடித்து, ஆள் நுழையும் திறப்பைத் திறந்து, படிவைச் சுரண்டி, புகைக்கரியை அகற்றி, வேண்டிய இடங்களில் செங்கல் கட்டையும் வெப்பக்காப்பு உறையையும் பிரிக்கவேண்டும். ஆய்வாளர் உட்புறத்தைப் பார்த்து, தேய்மானத்தை அளந்த பின்பு நீரழுத்தச் சோதனை நடைபெறும். கொதிகலனை முழுவதும் நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்திற்கும் மேலான அளவுக்கு அழுத்துவர். இதற்கு ஆவியையோ காற்றையோ கொள்ளாமல் நீரைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நீர் அழுத்தத்தால் ஏறத்தாழச் சுருங்குவதில்லை. ஆகவே சோதனையில் கொதிகலன் பிளந்தாலும் அது வெடிக்காது, கசியும். இவையெல்லாம் முடிந்து, காப்பு வால்வு சரிபார்க்கப்பட்டு, மீண்டும் மெல்லச் சூடேற்றி ஆவி எடுக்கும்வரை ஆலைக்கு வேலையில்லை.

எனவே ஆய்வுச் செலவை நான்காகப் பகுக்கலாம். ஒன்று, கட்டணம். இரண்டு, ஆயத்தக் கூலி. மூன்று, நின்றுபோகும் நாள்களின் இழப்பு. நான்கு, ஆய்வில் குறை தென்பட்டால் அதைச் சரிசெய்யும் செலவு. நான்காவதை ஆய்வின் செலவு என்று சொல்வது பொருந்தாது. குறை ஏற்கெனவே இருந்தது. ஆய்வு அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. ஆயினும் உரிமையாளர் மனத்தில் அச்சம் தருவது பெரும்பாலும் இந்த நான்காவதே என்பதை மறுக்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். எண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவையே. ஒரு சிறு ஆலையில் கொதிகலன் ஓடும் ஒவ்வொரு நாளும் 15,000 ரூபாய் மிச்சம் கிடைப்பதாகக் கொள்வோம். ஆய்வுக் கட்டணம் 5,000 ரூபாய். ஆயத்தக் கூலி 20,000 ரூபாய். நிற்கும் நாள்கள் 6. அப்படியானால் நிற்பதால் வரும் இழப்பு 90,000 ரூபாய். மொத்தம் 1,15,000 ரூபாய். இதில் கட்டணம் நூற்றுக்கு 5 பங்குகூட இல்லை. நின்ற நாள்களின் இழப்போ நூற்றுக்கு 78 பங்கு.

வயது ஏற ஏற

புதிய கொதிகலனின் விலை 15 லட்சம் ரூபாய் என்றால், மேற்சொன்ன 1,15,000 ரூபாய் அதில் நூற்றுக்கு 8 பங்குக்கும் குறைவு. 25 ஆண்டுகள் கழித்து அக்கொதிகலனை விற்றால் 3 லட்சம்தான் கிடைக்கும் என்று கொண்டால், அதே ஆய்வுச் செலவு இப்போது நூற்றுக்கு 38 பங்காகிறது. செலவு கூடவில்லை, கொதிகலனின் மதிப்பு குறைந்திருக்கிறது.

ஆனால் செலவும் கூடத்தான் செய்கிறது. முதிர்ந்த கொதிகலன்களுக்கு விதிமுறைகள் கூடுதல் ஆய்வு வேண்டுகின்றன. 400 பாகைக்கு மேல் இயங்கும் பகுதிகள் 1,00,000 மணி நேரம் ஓடிய பின், எஞ்சியுள்ள ஆயுள் எவ்வளவு என்பதை உலோகத்தைச் சிதைக்காத முறைகளால் கணிக்கவேண்டும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆகவே ஓயாமல் ஓடும் மின் நிலையக் கொதிகலன் பன்னிரண்டாம் ஆண்டிலேயே இந்த எல்லையைத் தொட்டுவிடும். குறைந்த வெப்பத்தில் இயங்குவனவற்றுக்கு 25 ஆண்டு ஒரு கட்டம். மீயொலி அலைகளால் தடிமனை அளத்தல், சாயம் ஊடுருவச் செய்து விரிசலைக் காணல், உலோகப் பரப்பின் நுண்ணமைப்பைப் படியெடுத்து உருப்பெருக்கியில் பார்த்தல் முதலியன இதில் அடங்கும். நம் எடுத்துக்காட்டில் இதற்கு இன்னும் 1,00,000 ரூபாயும் 4 நாள் கூடுதல் நிறுத்தமும் ஆகுமென்றால், மொத்தச் செலவு 2,75,000 ரூபாயாகிறது. கொதிகலனின் மதிப்போ 3 லட்சம். சுமைகூலி சுண்டைக்காயை எட்டிப்பிடித்துவிட்டது!

இவ்விடத்தில் உரிமையாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. செலவை ஏற்று ஆய்வு செய்து தொடரலாம். கொதிகலனை ஓய்வுபெறச் செய்து புதியது வாங்கலாம். அல்லது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். நம் பகுதியிலேயே இரண்டாம் வழிக்கு ஒரு பெரிய சான்று உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1970-இல் இயங்கத் தொடங்கியது. 60 மெகாவாட் அலகுகள் இரண்டு, 110 மெகாவாட் அலகுகள் மூன்று என 1975-க்குள் அதன் திறன் 450 மெகாவாட்டாக வளர்ந்தது. காலம் செல்லச் செல்லப் பராமரிப்பும் நிறுத்தங்களும் பெருகி, உற்பத்தி சுருங்கி, 2017 மார்ச்சு 31-உடன் அது மூடப்பட்டது. பொதுத்துறையின் பெரிய நிலையத்துக்கு அத்தகைய முடிவை எடுக்கக் கணக்கும் வல்லுநரும் மாற்று மின்சாரமும் உண்டு. ஒரே கொதிகலனை நம்பிப் பிழைக்கும் சிறு ஆலைக்கு இவை இல்லை. மூன்றாம் வழியின் கவர்ச்சி அங்கேதான் மிகுதி.

சிறு விமானங்கள் தரும் படிப்பினை

இதே சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும் துறை ஒன்று உண்டு. அது சிறு விமானத் துறை. கொதிகலனுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டியதில்லை. 1954-இல் 'காமெட்' என்னும் பயணி விமானங்கள் இரண்டு வானிலேயே சிதறியபோது, காரணம் அறிய இங்கிலாந்து அறிஞர்கள் ஒரு விமானத்தின் உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்து, நீரழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். உலோகக் களைப்பு வெளிப்பட்டது. நம் கொதிகலனுக்குச் செய்யும் சோதனையின் உடன்பிறப்பே அது.

நான்கு பேர் அமரும் சிறு விமானங்களைப் பெருமளவில் செய்துவந்த செசுனா நிறுவனம், 1986-இல் அவற்றின் உற்பத்தியை நிறுத்தி, 1996-இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே உலகில் இன்று பறக்கும் சிறு விமானங்களில் பல நாற்பது, ஐம்பது வயதானவை. அவற்றுக்கு வயதுக்கேற்ற கூடுதல் கட்டமைப்பு ஆய்வுகளை நிறுவனம் வகுத்தது. ஆஸ்திரேலிய அரசு 2014-ஐ ஒட்டி அவற்றைக் கட்டாயமாக்கியது. இருக்கைகளையும் தரைத்தகடுகளையும் பிரித்து, இறக்கை இணைப்புகளைத் திறந்து பார்க்கும் அவ்வாய்வின் செலவு விமானத்தின் விலையையே நெருங்குகிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டனர். பலர் விமானத்தை விற்கவோ ஒதுக்கவோ நேர்ந்தது.

முறையீட்டில் நியாயம் உண்டு; ஆனால் மறுபக்கமும் உண்டு. 2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு பயிற்சி விமானத்தின் இடது இறக்கை பறக்கும்போதே கழன்று விழுந்தது. மாணவ விமானியும் தேர்வாளரும் மாண்டனர். இறக்கையைத் தாங்கும் முதன்மை விட்டத்தில், போல்ட்டுத் துளையின் ஓரத்தில் களைப்பு விரிசல் வளர்ந்திருந்தது. அந்த பைப்பர் விமானம் 2007-இல் செய்யப்பட்டது, பதினோரு வயதுதான். ஆனால் 7,600 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சியில் உழைத்திருந்தது. மாணவர்கள் இறங்கியும் எழுந்தும் பழகும் ஒவ்வொரு முறையும் அந்த விட்டம் அடிவாங்கியது.

இதன்பின் 2021-இல் அமெரிக்க அரசு விதித்த ஆணையில் நாம் கற்கவேண்டிய நுட்பம் இருக்கிறது. அவ்வகை விமானங்கள் எல்லாவற்றையும் அது ஒரே தட்டில் வைக்கவில்லை. பயிற்சிக்கும் வாடகைக்கும் ஓடிய மணிகளை முழுதாகவும், சொந்த உலாவுக்கு ஓடிய மணிகளை 17-இல் ஒரு பங்காகவும் கணக்கிட்டு, அவ்வாறு கணித்த மணிகள் 5,000-ஐத் தாண்டியவற்றுக்கே மின்சுழற்சிச் சோதனை வேண்டும் என்றது. தேவையில்லாத விமானத்தின் போல்ட்டைக் கழற்றினால், கழற்றும்போதே துளை கீறப்பட்டுப் புதிய விரிசலுக்கு வழி பிறக்கக்கூடும் என்னும் அச்சமும் அப்போது எழுப்பப்பட்டது. ஆய்வும் இலவசமன்று, அதற்கும் தனக்கே உரிய ஆபத்து உண்டு. ஆகவே பிறந்த ஆண்டைப் பார்த்து அன்று, பட்ட பாட்டைப் பார்த்து ஆய்வை வகுப்பதே செலவைக் குறைக்கும் அறிவுடைமை.

செலவு ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு

இனி, ஆய்வை ஏன் கட்டாயமாக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். தன் சொத்தைக் காக்க உரிமையாளர் தாமே ஆய்வு செய்துகொள்ள மாட்டாரா?

நம் எடுத்துக்காட்டையே தொடர்வோம். ஆய்வே இல்லாமல் ஓட்டினால் ஓர் ஆண்டில் வெடிப்பு நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று கொள்வோம். வெடித்தால் உரிமையாளரின் சொத்திழப்பு 20 லட்சம் ரூபாய். அப்படியானால் அவர் கணக்கில் ஆண்டுக்கு எதிர்பார்க்கும் இழப்பு 20,000 ரூபாய். அதைத் தவிர்க்க 1,15,000 ரூபாய் செலவிடுவதை அவரது தனிக்கணக்கு ஏற்காது. ஆனால் வெடிப்பால் தொழிலாளர் குடும்பங்களுக்கும், அடுத்த சுவருக்கு அப்பால் வாழ்வோருக்கும் சேர்த்து நேரும் இழப்பு 2 கோடி என்றால், சமுதாயத்தின் கணக்கில் எதிர்பார்க்கும் இழப்பு 2,00,000 ரூபாய். இப்போது ஆய்வு இலாபமாகிறது. உயிருக்கு விலை வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் விலை வைக்காமல் விட்டால் உரிமையாளரின் ஏட்டில் அது சுழியாகவே நின்றுவிடும்.

இந்தத் தனிச்செலவுக்கும் சமுதாயச் செலவுக்கும் உள்ள இடைவெளியைத்தான் ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு 1920-இல் வெளிவந்த தமது 'நலப் பொருளியல்' நூலில் விளக்கினார். இடைவெளியை நிரப்ப வரி, மானியம், சட்டம் ஆகியவை வேண்டும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். கொதிகலன் சட்டம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதன் பல் கூர்மையாக இருக்கவேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சான்றிதழின்றிக் கொதிகலனை இயக்குவதற்கு உச்ச அபராதம் 500 ரூபாய். தொடர்ந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். அன்று அது பெருந்தொகை. விலைவாசி பலமடங்கு ஏறியபின்னும் அத்தொகை நெடுங்காலம் மாறாமல் நின்றது. 2007 திருத்தத்தில்தான் அது ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. இடைக்காலத்தில் ஒருநாள் ஆலையை நிறுத்துவதைவிட அபராதம் கட்டுவது மலிவு என்ற நிலை தானாகவே உருவாகியிருந்தது. பணவீக்கம் சட்டத்தையும் அரிக்கும் என்பதற்கு இது நல்ல பாடம். 2025-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு குற்றங்களைப் பணத்தண்டத்தோடு விட்டு, உயிருக்கு ஆபத்து விளைக்கும் பெருங்குற்றங்களுக்குக் குற்றவியல் தண்டனையை நிலைநிறுத்தியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வெடிப்புகள் எல்லாம் முதுமையின் விளைவுகள் அல்ல. 2017 நவம்பர் 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் ஊஞ்சாகாரில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விபத்து, புத்தம்புதிய 500 மெகாவாட் அலகிலேயே நிகழ்ந்தது. 2020 சூலை 1 அன்று நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஆறு பேர் அங்கேயே மாண்டனர். பின்னர் மேலும் சிலர் மருத்துவமனையில் இறந்தனர். இத்தகைய நேர்வுகளில் இயக்கும் முறையும் பாதுகாப்பு ஒழுங்கும் முன்னிற்கின்றன. மாண்டோரில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் என்பதும் கருதத்தக்கது. ஆய்வு நடக்கவேண்டுமா, நிறுத்தவேண்டுமா என்ற முடிவில் பங்கில்லாதவர்களே, முடிவு தவறும்போது முன்வரிசையில் நிற்கிறார்கள்.

செலவைக் குறைக்கும் வழிகள்

ஆய்வைக் கைவிடாமல் அதன் செலவைக் குறைக்க முடியாதா? முடியும். அதற்குக் காசிமேட்டிலேயே ஒரு வழிகாட்டி உண்டு. தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. 2001-இல் 45 நாள்களாகத் தொடங்கிய அத்தடை 2017 முதல் 61 நாள்களாக நீடிக்கப்பட்டது. இக்காலத்தில்தான் படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, இயந்திரம் பிரித்து, வண்ணம் பூசுகிறார்கள். மீன்வளத் துறையின் ஆண்டாய்வும் அப்போதே நடைபெறுகிறது. எப்படியும் நிற்கப்போகும் நாள்களில் ஆய்வு நடப்பதால், அதற்கென்று தனியே ஒரு நாள் வருமானத்தையும் படகுக்காரர் இழப்பதில்லை.

நம் ஆலையும் தன் மந்த காலத்தில் ஆய்வை வைத்துக்கொண்டால், 1,15,000 ரூபாயில் 90,000 ரூபாய் மறைந்து, செலவு 25,000 ரூபாயாகிறது. உரிமையாளரின் சொந்த எதிர்பார்ப்பு இழப்பு 20,000 ரூபாய் அல்லவா? இடைவெளி 5,000 ரூபாய்தான். அதுவே ஆய்வுக் கட்டணம். மிகச் சிறு ஆலைகளுக்கு அக்கட்டணத்தை அரசு விட்டுக்கொடுத்தால், சட்டத்தின் அச்சமின்றியே உரிமையாளர் ஆய்வை நாடுவார். இதற்கு ஆய்வாளர்களின் எண்ணிக்கை போதுமானதாக இருந்து, கேட்ட வாரத்தில் வரவேண்டும் என்பது முக்கியம். ஆய்வாளருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் 15,000 ரூபாய் என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாவது, ஒதுக்கீட்டு நிதி. கொதிகலன் வாங்கிய நாளிலிருந்தே ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கிவந்தால், இருபத்தைந்தாம் ஆண்டின் பெரிய ஆய்வு இடியாக விழாது. தேய்மானத்தைக் கணக்கேட்டில் மட்டும் எழுதிவிட்டுப் பணத்தைச் செலவழித்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. மூன்றாவது, நீர். சுத்திகரித்த நீரைப் பயன்படுத்துவது ஆய்வுக்கு முன் படிவு சுரண்டும் கூலியைக் குறைக்கும், எரிபொருளையும் மிச்சப்படுத்தும். நான்காவது, பழைய கொதிகலனை விற்று வாங்கும் வணிகத்தில் ஆய்வு வரலாறு விலையோடு இணையவேண்டும். ஒழுங்காக ஆய்வு செய்த கொதிகலனுக்கும் செய்யாததற்கும் சந்தையில் ஒரே விலை என்றால், செலவு செய்தவர் ஏமாளியாவார்.

முடிவுரை

கட்டாய ஆய்வு சுமையா, பாதுகாப்பா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. அது இரண்டுந்தான். சுமையின் பெரும்பகுதி கட்டணத்தில் இல்லை, நின்றுபோகும் நாள்களில் இருக்கிறது என்பதையும், இயந்திரம் முதிரும்போது மதிப்பு இறங்கிச் செலவு ஏறுவதால்தான் தவறு செய்யும் ஆசை பிறக்கிறது என்பதையும் இதுவரை கண்டோம். ஆகவே கடுமையைக் கூட்டுவது மட்டும் போதாது. ஆய்வின் நேரத்தைச் செம்மைப்படுத்துவதும், உழைப்பின் அளவுக்கேற்ப ஆய்வை வகுப்பதும், சிறியவர்களுக்குக் கைகொடுப்பதும், ஓய்வுபெறவேண்டியதை ஓய்வுபெறச் செய்வதும் உடன் வேண்டும்.

நம் கல்லூரி மாணவர்களுள் பலரின் தந்தையரும் தமையன்மாரும் இப்பகுதி ஆலைகளில் பணிபுரிகின்றனர். நாளை நம்மில் சிலரும் கணக்கராகவோ மேற்பார்வையாளராகவோ அங்கே செல்லக்கூடும். கொதிகலன் அறைக்குள் நுழையும்போது இரண்டைப் பார்த்துப் பழகுவோம். ஒன்று, சான்றிதழில் எழுதிய கடைசித் தேதி. இன்னொன்று, அழுத்தமானியில் போட்டிருக்கும் சிவப்புக் கோடு. தேதி கடந்திருந்தாலோ முள் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, அங்கே யாரோ ஒருவர் 1,15,000 ரூபாயை மிச்சப்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அந்த மிச்சத்தை யார் கணக்கில் பற்று எழுதியிருக்கிறார்கள் என்று கேட்பது பொருளியல் பயிலும் நம் கடமையாகும்.